பாப்பா நின்று நின்று சொல்லட்டும்

கண்ணு,

போனில் பேசினால் என் பேச்சை நீயே முடித்துவிடுகிறாய். "சரிப்பா, புரியுதுப்பா, நான் பாத்துக்கறேன்" என்று நீ சொல்லும்போது நான் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. உன் மனைவியும் இதைப் படிக்கட்டும். வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு உன்னைப் போலவே கவலைப்படுகிற உன் சிநேகிதர்களுக்கு நீ இதை அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா என்னிடம் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள். புனேயில் உங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். உள்ளே இவளும், மேல் வீட்டு மராத்திக்கார அம்மாவும், அந்த அம்மாவின் நாயும். "தாத்தா, அப்போ வந்து... அந்த ஆன்ட்டி இருக்காங்கல்ல... அவங்க வந்து... அது என்னன்னா..." என்று நின்று நின்று வந்துகொண்டிருந்தாள். நானும் காதைப் போனில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நீ போனை வாங்கிவிட்டாய். "லிஃப்ட் நின்னுபோச்சுப்பா, செக்யூரிட்டி வந்து தெறந்து விட்டாங்க, அவ்ளோதான்." அவ்வளவுதானா? அதற்கா அந்தப் பெண் அத்தனை மூச்சு வாங்கினாள்? அதன் பிறகு அவளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு நீ தணிந்த குரலில் சொன்னாய்: வர வர அவள் பேச்சு தடுமாறுகிறது, வகுப்பில் எழுந்து நின்றால் வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் சிரிக்கிறார்கள், வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றும் சேர்ந்து அவளைக் குழப்புகிறது என்று டீச்சர் சொன்னார்கள், இனிமேல் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள். நான் "உம்" என்றேன். அந்த "உம்"மை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை.

ஏனென்றால் இதே முடிவு இந்த வீட்டில் ஒருமுறை எடுக்கப்பட்டிருக்கிறது. அப்போது உனக்கும் பாப்பாவின் வயதுதான். உனக்கு அதில் பாதிதான் தெரியும்.

நீ பிறந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், பயப்படாதே. சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலை தேடி ஓசூருக்கு வந்தவன் நான். மெயின்டனன்ஸ் பிரிவில் ஃபிட்டர். லைன் நின்றால் ஓடு, நின்றதை ஓடவை, அதுதான் பிழைப்பு. அதனால் நிற்கிற எதைப் பார்த்தாலும் கோளாறு என்றே எனக்குப் படும். உன் அம்மா அசெம்பிளியில் இருந்தாள். தளிக்கு அந்தப் பக்கத்து ஊர், வீட்டில் கன்னடம். என்னை "ரீ" என்றுதான் கூப்பிடுவாள், கடைசிவரைக்கும் அப்படித்தான். தமிழ் அவள் கம்பெனிக்கு வந்து கற்றுக்கொண்டது. கடைக்குப் போக, சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல, என்னோடு சண்டை போட அந்தத் தமிழ் தாராளமாகப் போதும். ஆனால் சிரிப்பதற்கும் கொஞ்சுவதற்கும் அவளுக்குக் கன்னடம்தான். உன்னோடு அவள் பேசியதெல்லாம் அதில்தான். நீ என்னிடம் தமிழில் கேட்டதை அவளிடம் திரும்பிக் கன்னடத்தில் கேட்பாய், தெருவில் தெலுங்குக்காரப் பையன்களோடு தெலுங்கில் கோலி ஆடுவாய். ஓசூர்ப் பிள்ளைக்கு இதில் அதிசயம் என்ன இருக்கிறது? யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் உனக்குக் கதை சொல்கிற வியாதி பிடித்திருந்தது. பள்ளி விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றுகொள்வாய். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது உன் வாய் எங்கேயும் தடங்காது. கதை சொல்லும்போதுதான் தடங்கும். அதுவும் ருசியான இடம் வரும்போதுதான். அது என்னன்னா என்பதற்கு "அது ஏனந்த்ரே..." என்பாய், மேலே பார்ப்பாய், கை அந்தரத்தில் நிற்கும், "வந்து... வந்து..." என்பாய். ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கிற எனக்குத் தலை வெடிக்கும். "சீக்கிரம் சொல்லித் தொலைடா" என்று அறையிலிருந்தே கத்துவேன், இல்லையென்றால் மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். அவள் அப்படி இல்லை. பீன்ஸ் நறுக்குகிற கத்தியை அப்படியே நிறுத்திவிடுவாள். உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நீ அந்த வார்த்தையைப் பிடித்த பிறகுதான் அவள் கத்தி மறுபடி ஓடும்.

யானை மறித்த பஸ் கதையை நீ மறந்திருக்க மாட்டாய். மாமா வீட்டிலிருந்து நீயும் அம்மாவும் திரும்பி வரும்போது தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒற்றை யானை குறுக்கே வந்து நின்றுவிட்டது. பஸ்ஸிலிருந்த ஒரு அம்மா ஜன்னல் வழியாகக் கும்பிட்டு, "ஹோகப்பா கணேசா, தாரி பிடப்பா" என்று கன்னடத்தில் வழிவிடச் சொன்னாளாம். பின் சீட்டுக்காரர், "அதுக்குக் கன்னடம் புரியாதும்மா, அது ஆந்திரா காட்டுக்குப் போற யானை" என்று சொல்லிவிட்டு, "போ தல்லி, போ" என்று தெலுங்கில் ஆரம்பித்தாராம். அது கர்நாடகத்திலிருந்து வந்த யானைதான் என்று அந்த அம்மா சண்டைக்கு நிற்க, கண்டக்டர், "ரெண்டு பேரும் எறங்கிப் போயி அதுங்கிட்டயே கேட்டுட்டு வாங்களேன்" என்றாராம். யானை எவர் பேச்சையும் மதிக்காமல் பஸ் மேலிருந்த முட்டைக்கோஸ் மூட்டையை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. மூட்டைக்காரர் மூன்று பாஷையிலும் யானையைத் திட்டினார். உன் அம்மாவும் அந்த பஸ்ஸில்தான் இருந்தாள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். இருந்தும் நீ சொல்லிக் கேட்டு, கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எத்தனை தடவை சொல்லச் சொன்னாளோ!

அதே கதையைத்தான் நீ வகுப்பில் சொல்லப் போனாய். ஒவ்வொருவரும் ஒரு சொந்த அனுபவத்தை நல்ல தமிழில், வேறு பாஷை கலக்காமல் சொல்ல வேண்டும் என்று தமிழ் ஐயா வைத்திருந்தார். யானை வந்து நிற்கிறவரை ஒழுங்காகப் போயிற்றாம். அந்த அம்மா வாயைத் திறக்கிற இடம் வந்ததும் நீ நின்றுவிட்டாய். அவள் சொன்னதைக் கன்னடத்தில் சொல்லக் கூடாது, தமிழில் சொன்னால் அது கதையே இல்லை. "அந்தம்மா வந்து... வந்து... வந்து..." பின் பெஞ்சிலிருந்து எவனோ கூடச் சேர்ந்து "வந்து, வந்து" என்று பாட, வகுப்பே பாடியது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் உன் பெயரே 'வந்து' ஆகிவிட்டது. இது எங்களுக்கு நீ சொல்லித் தெரியவில்லை. ஐயா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன், உன்மேல் அக்கறை உள்ளவர். "பையன் கெட்டிக்காரன்ங்க. ஆனா வீட்ல ரெண்டு பாஷை, தெருவுல ஒரு பாஷைன்னு இருந்தா நாக்கு எதுக்குன்னுதான் திரும்பும்? வீட்ல தமிழ் மட்டும் பேசிப் பாருங்க. சரியாப் போயிடும்" என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களுக்கு அதுகூடத் தெரியாது.

திரும்பி நடந்து வரும்போது ராயக்கோட்டை ரோடு திருப்பத்தில் லாரி ஒன்று போக நின்றோம். அங்கேதான் உன் அம்மா சொன்னாள். "ரீ, என் பாஷைதான் அவன் வாயில சிக்குது. இனிமே நான் அவங்கிட்ட தமிழ்லயே பேசிடறேன்." நான் அவளைச் சொல்லச் சொல்லவில்லை, கண்ணு. அவளே எடுத்த முடிவு. நான் "நல்லதுதான்" என்றேன். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதி எனக்கு. அவள் எதைக் கழற்றிக் கொடுத்தாள் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை உன்னை எழுப்பினாள். எப்போதும் "ஏளோ மகனே" என்று உன் காதைப் பிடித்து இழுத்து எழுப்புகிறவள், அன்றைக்குக் கதவருகே நின்று "எழுந்திரு, டைம் ஆவுது" என்றாள். நீ எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தாய். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாய் போல. "ஏனம்மா ஆய்த்து?" என்று கேட்டாய். "ஒண்ணும் ஆகல. தமிழ்ல கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே போய் அவள் என்ன செய்தாள் என்று நான் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை, குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நாள் நீ கன்னடத்தில் கேட்பாய், அவள் தமிழில் சொல்வாள். பிறகு நீயும் தமிழுக்கு வந்துவிட்டாய். கோபத்திலா, புரிந்தா, எனக்குத் தெரியாது. நீ என்றைக்கும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பரீட்சை வருவதற்குள் உன் தடுமாற்றம் போய்விட்டது. ஐயாவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். கம்பெனி கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் பெருமையாக, "இப்பெல்லாம் அவன் எங்கயும் நிக்கறதே இல்ல, பாத்தியா?" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏதாவது சொன்னாதானே ரீ நிக்கறதுக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளி விட்டு வந்தால் நீ நேரே உன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாய். "எப்படிடா போச்சு?" "நல்லா போச்சு." "சாப்டியா?" "சாப்டேன்." எதுவும் தடங்கவில்லை, உண்மைதான். தடங்குவதற்கு அதில் என்ன இருந்தது? நீ வாயை மூடிக்கொண்டதை நாங்கள் குணம் ஆகிவிட்டதாக எடுத்துக்கொண்டு பழம் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். திரும்பப் பழையபடி பேசேன் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள். "அவன் நல்லா படிக்கறான். நாலு பேர் முன்னாடி நின்னு பேசறான். நான் போயி மறுபடி கெடுக்கட்டுமா?" அவளுடைய பயம் அது. தன் வாயிலிருந்து வருகிற பேச்சு பெற்ற பிள்ளைக்குக் கெடுதல் என்று ஒருத்தி நம்பிவிட்டால், அதை யாராலும் மாற்ற முடியாது.

நீ காலேஜ் படிக்கும்போது அம்மாமேல் உனக்கு ஒரு புகார் உண்டு. கீரை வாசலுக்கே வரும்போது, அதை விட்டுவிட்டு அவள் சந்தைவரை நடந்து போய் வெயிலில் வாடி வருகிறாள் என்பாய். "ஒரு கட்டு கீரைக்கு இவ்ளோ நேரமா?" என்று சத்தம் போடுவாய். அங்கே அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு கீரைக்காரி இருந்தாள். அவளோடு இரண்டு வார்த்தை கன்னடத்தில் பேசுவதற்காக உன் அம்மா போனாள். வேறு எதற்கு? ஒருநாள் நானும் கூடப் போனேன். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை நம் வீட்டில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது, பூக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

உன்னைக் குறை சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. பதினான்கு வயசுப் பிள்ளை நீ என்ன செய்வாய்? நன்றாகத்தான் வளர்ந்தாய். இன்று ஒரு பெரிய கூட்டத்தில் நீ இங்கிலீஷில் பேசினால் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்த மாட்டாய் என்று உன் மனைவி பெருமையாகச் சொல்கிறாள். சந்தோஷம். ஆனால் இத்தனை வருஷத்தில் நீ போனில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் தகவல்தான், கண்ணு. ப்ரோமோஷன், வீடு மாற்றியது, பாப்பாவுக்குக் காய்ச்சல், வண்டி வாங்கியது. போனை வைத்ததும் அவள் என்னிடம் கேட்பாள், "வேற ஏதாவது சொன்னானா ரீ?" ஸ்பீக்கரில் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். இருந்தும் கேட்பாள்.

இப்போது பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அந்த வயசில் பிள்ளைகள் நிற்பார்கள். மனசில் பத்து ஒன்றாக வந்து முட்டுகிறது, வாய் ஒன்றுதான் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உனக்குச் சந்தேகம் இருந்தால் அதற்கென்று படித்தவர்களிடம் அழைத்துப் போய்க் காட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் நிற்கிறாள் என்பதற்காக ஒரு பாஷையைப் பிடுங்காதே. நீ பிடுங்கினால் கூட ஏதேது போகும் என்று உன்னால் சொல்ல முடியாது. முதலில் போவது நான்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் இங்கிலீஷ் மெஷின் பெயர்களோடு முடிந்துபோகும். அவளோடு பேச எனக்குத் தமிழ் ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு அவள் போனில் "ஹாய் தாத்தா, ஃபைன் தாத்தா" என்று தடங்காமல் சொல்லிவிட்டு உன்னிடம் போனைக் கொடுப்பாள். நீயும் குணமாகிவிட்டது என்று நினைப்பாய்.

கடைசியாக ஒன்று. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பாப்பா விஷயம் வராமல் இருந்தால் என்னோடு போயிருக்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் நீ ஓடி வந்தாய், லீவு முடிகிறவரை ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாய். நீ செய்த பணிவிடையை எந்தப் பிள்ளையும் செய்ய மாட்டான். அவளுக்குத் தமிழ் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. பிற்பாடு கற்றுக்கொண்டது சிலருக்கு இப்படிப் போவதுண்டு என்று டாக்டர் சொன்னார். மிஞ்சியது கன்னடம், அதுவும் குழறிக் குழறி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு யுகம். உனக்குக் கேட்டால் புரியும், ஆனால் கேட்பதற்கு அவள் சொல்லி முடிக்க வேண்டுமே.

நீ கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம். பெங்களூர் விமான நிலையத்துக்கு கார் வந்து கீழே நின்றது. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் உன் முகத்தைப் பார்த்து, "ஏ... ஏனா..." என்றாள். "தண்ணியாம்மா?" என்றாய். இல்லையென்று தலையை ஆட்டினாள். "ஏனா..." "ஃபேன் போடட்டா? படுக்கணுமா? இருட்டா இருக்குதா?" என்று நீ எழுந்து போய் விளக்கைப் போட்டாய். அதற்குள் டிரைவர் கூப்பிட, போனோடு வராந்தாவுக்குப் போனாய். அவள் விடவில்லை. நீ போன கதவைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொல்லி முடித்தாள். நீ திரும்பி வந்து, "என்னமோ சொல்ல வந்தாங்களேப்பா, என்னவாம்?" என்று கேட்டாய். நேரமாகிவிட்டது, மனசு கஷ்டப்பட்டுப் போவாயே என்று, "ஒண்ணுமில்ல சாமி, பத்திரமா போயிட்டு வரச் சொல்றா" என்றேன். அவள் பேச்சை நான் முடித்து வைத்தேன். நீ அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாய். அடுத்து நீ வந்தபோது அவள் இல்லை.

பத்திரமாகப் போய் வா என்று அவள் சொல்லவில்லை, கண்ணு. "ஏனாத்ரூ ஹேளோ" என்றாள். ஏதாவது சொல்லேன்டா என்று உன்னைக் கேட்டாள்.

அப்பா